ஐந்து மணிவரை திருத்தலாம்

திருத்தம் வந்துவிட்டது. மூன்று மணி இருபது நிமிடத்துக்கு, என் திரையின் வலது மூலையில் மஞ்சளாக ஒரு பெட்டி. அனுப்பியவர் ஆர்வித் தாலின், நாடாளுமன்ற உறுப்பினர். ஒரே ஒரு வரிதான். இன்று காலை அவையில் நின்று தன் சொந்த வாயால் சொன்ன வரியை எடுத்துவிட்டு வேறு வரியைப் போடச் சொல்கிறார். ஐந்து மணிக்குள் நான் ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். ஐந்துக்கு மேல் அவையின் ஏடு பூட்டிவிடும், பிறகு பிரதமரே மாடியேறி வந்து கெஞ்சினாலும் ஓர் எழுத்து மாறாது. முடிவு என்னுடையது, ஏனென்றால் அந்தப் பத்து நிமிடம் என்னுடைய முறை. எங்கள் வேலை அப்படி. சபாநாயகரின் ஆசனத்துக்குக் கீழே உள்ள சின்ன மேசையில் பத்து நிமிடத்துக்கு ஒருவராகப் போய் உட்கார்ந்து பேசுவதைக் குறிப்பெடுப்போம், பிறகு நாலாம் மாடிக்கு ஏறி வந்து ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுச் சுத்தமாக எழுதுவோம். எழுதியதைப் பேசியவருக்கு அனுப்புவோம். எழுத்துப் பிழை, எண் பிழை, நா தடுமாறிய இடம் இருந்தால் அவர் திருத்தி அனுப்பலாம். பொருளை மாற்றக் கூடாது. காணொளி இருக்கிறது, யாரும் பார்க்கலாம், ஆனால் அவைக்கு அது சாட்சி இல்லை. ஏட்டில் இருப்பதுதான் சொல்லப்பட்டது. காலையில் அவர் சொன்னது: 'என் சட்டத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட எந்தத் தீங்கும் நேரவில்லை.' இப்போது கேட்பது: 'பெரும்பாலானோருக்குத் தீங்கு நேரவில்லை; மூன்று மரணங்கள் நிகழ்ந்தமைக்கு வருந்துகிறேன்.' மூன்று. அந்த மூன்றில் மூன்றாவது ஆள், புகலிடம் கேட்டு வந்து திருப்பி அனுப்பப்பட்ட என் தம்பி பகீரதன். நாலாம் மாடியில் இது யாருக்கும் தெரியாது. அவனுக்குப் பின்னால் இருப்பது அப்பாவின் பெயர், எனக்குப் பின்னால் இருப்பது புருஷனின் பெயர். குடும்பம் என்றால் ஒரே பெயர் என்று பழகிய ஊர் இது, எங்கள் இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாலும் இவர்களுக்கு ஒன்றும் தோன்றாது.

வெளியே இருட்டிவிட்டது. மார்கழியில் இங்கே மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும். பெட்டி மஞ்சளாகவே நிற்கிறது. நிற்கட்டும். அங்கே ஓர் அறையில் அவர் தன் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார், ஏன் இன்னும் பச்சையாகவில்லை என்று யோசிப்பார். அவருக்கு இது புதிது. பதினாலு வருஷமாக இந்த மனிதனுக்குத் தலை வாரிவிட்டவள் நான். அவர் அரைவாசியில் விட்ட வாக்கியத்தை முடித்து வைத்தேன். ஒன்றையே மூன்று தரம் சொன்னால் இரண்டை எடுத்தேன். ஆற்றின் பெயரை மாற்றிச் சொன்னபோது சரியான ஆற்றைப் போட்டேன். போன வருஷம் ஒரு பத்திரிகை அவருக்கு 'அவையில் மிகத் தெளிவாகப் பேசுபவர்' என்று பட்டம் கொடுத்தது. எப்படிக் கொடுத்தார்கள்? ஏட்டை வாசித்துத்தான். அந்தத் தெளிவு யாருடைய தெளிவு? அன்றைக்கு எங்கள் மாடிக்கும் கேக் அனுப்பினார். பாதாம் கேக். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கோபம். இதுவரை நாற்பத்திரண்டு திருத்தம் அனுப்பியிருக்கிறார், நாற்பத்திரண்டையும் ஏற்றிருக்கிறேன். தாலினின் திருத்தமா, சுகிர்தாவிடம் போகட்டும், அவள் தொந்தரவு பண்ணமாட்டாள் என்பது இங்கே பேச்சு. ஏன் ஏற்றாய் என்று யாராவது கேட்டால், காத்திருந்தேன் என்று சொல்ல ஆசை. அது பொய். முதல் ஐந்து வருஷம் பயம். பன்னிரண்டு வயதில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, இவர்களுடைய பள்ளிக்கூடத்தில் படித்து, இவர்களைவிட நன்றாக இவர்களுடைய மொழியை எழுதக் கற்று வாங்கிய வேலை இது, அதைத் தொலைக்கப் பயம். பிறகு பழக்கம். பிறகு எப்போதோ, எந்த நாள் என்று தெரியவில்லை, பழக்கம் காத்திருப்பாக மாறிவிட்டது. அவர் மேடையில் ஏறும்போதெல்லாம், இன்றைக்கு விழு, இன்றைக்கு விழு என்று மனம் சொல்லும், விரல் தன் பாட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். விழவில்லை. இன்று விழுந்தார். விழுந்தது அவருக்கே அப்போது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. என் கை ஒரு கணம் நின்றது, பக்கத்தில் அடுத்த முறைக்கு வந்து காத்திருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

என்ன அழகாகப் பேசினார். கடலைப் பற்றி. காலநிலை அகதிகள் மசோதா அவருடைய குழந்தை, மூன்று வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார். கடல் ஏறி நிலத்தைத் தின்ற தீவுகளில் இருந்து வருகிறவர்களுக்கு இங்கே இடம் கொடுக்க வேண்டுமாம். உப்பு ஏறிய கிணறுகள், இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் தேவாலயம், கல்லறைகளைத் தோண்டி எலும்புகளை மேட்டுக்குக் கொண்டுபோகும் ஒரு தாய். அவை அப்படியே அமர்ந்து கேட்டது. எதிர்க்கட்சியில் ஒருத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நானும்தான், ஒப்புக்கொள்கிறேன், அந்தத் தாயின் இடத்தில் ஒரு கணம் நின்றேன். பிறகு கோபம் வந்தது. இவருக்குக் கடல் என்றால் நம்பிக்கை. கடல் வீட்டை எடுத்தால் வானத்தில் இருந்து படம் பிடிக்கலாம், நேற்று இவ்வளவு கரை, இன்று இவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டலாம். கடல் யாரையும் கூட்டிக்கொண்டு போய் இருட்டறையில் வைத்து விசாரிப்பதில்லை, அதனால் கடலால் துரத்தப்பட்டவன் எதையும் நிரூபிக்க வேண்டாம். கதவைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனவர்களை எந்தச் செயற்கைக்கோள் படம் பிடித்தது? அப்படிக் கொண்டுபோகப்பட்டவன் மட்டும் தேதி சொல்ல வேண்டும், கிழமை சொல்ல வேண்டும், அறையின் சுவர் என்ன நிறம் என்று சொல்ல வேண்டும், அதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். அந்தக் கடல் பேச்சின் வெறியில்தான் அவர் அந்த வரிக்கு வந்தார். யாரோ கேட்டார்கள், இத்தனை பேரை உள்ளே விட்டால் பொய்யர்களை எப்படிப் பிரிப்பீர்கள் என்று. அவர் சிரித்தார். கையை மேடையில் ஊன்றினார். நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல முறை இருக்கிறது, அதை எழுதியவன் நான், கண்டிப்பானது ஆனால் நேர்மையானது, என் சட்டத்தின்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட எந்தத் தீங்கும் நேரவில்லை. மேசைகளைத் தட்டினார்கள். நான் எழுதினேன். அடைப்புக்குறிக்குள் 'மேசை தட்டல்' என்றும் எழுதினேன், அதுவும் என் வேலைதான்.

மூன்று நாற்பத்தைந்து. பொய் சொன்னாரா? இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. வாசிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு விசாரணைக் குழு போட்டார்கள், திருப்பி அனுப்பியவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்று தேட. நான் லீவு போட்டுவிட்டுப் போய் மூன்று மணிநேரம் சாட்சி சொன்னேன், அலுவலகத்தில் பல்வலி என்று சொல்லியிருந்தேன். போன வாரம் என் பக்கத்தை மட்டும் சரிபார்க்க அனுப்பினார்கள். மூன்றாம் நபர், ஆண், இருபத்தாறு வயது, திருப்பி அனுப்பப்பட்டுப் பதினோராம் நாள் தடுப்புக் காவலில் மரணம். பெயர் இல்லை, ஆனால் அவன்தான். அறிக்கை அடுத்த மாதம் பதினான்காம் தேதி வெளியாகும். சட்டத்தை எழுதியவர் என்ற முறையில் தாலினுக்கு முழுப் பிரதியும் போயிருக்கும். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்திருப்பார். கடலைப் பற்றிய தாள்களுக்கு அடியில் கிடந்திருக்கும். பேசிவிட்டு வந்த பிறகு யாரோ பிரித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். பொய் சொன்னவனையாவது ஒரு நாள் மன்னிக்கலாம், வாசிக்காதவனை என்னால் முடியாது. என் தம்பியின் கோப்பையும் இப்படித்தான் யாரும் வாசிக்கவில்லை. திங்கட்கிழமை இவர் அமைச்சராகிறார். காலநிலைக்கும் குடியேற்றத்துக்கும் சேர்த்து ஒரு புதிய அமைச்சு, இவருக்காகவே தைத்தது. அவையில் உண்மைக்கு மாறானதைச் சொன்னவர் அமைச்சராக இருக்க முடியாது என்பது இங்கே எழுதாத வழக்கம், என் காலத்திலேயே இரண்டு பேர் அதனால் பதவியை விட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவர் அழுதுகொண்டே போனார், அதையும் நான்தான் எழுதினேன். அவையின் கூட்டத்தொடர் இன்றோடு முடிகிறது, இனிக் கூடுவது அறிக்கைக்குப் பிறகு. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று இவர் இப்போதே சொல்லலாம்தான். அப்படிச் சொன்னால் சொன்னதாகிவிடும். சத்தமில்லாமல் ஏட்டில் மாறினால் சொல்லவே இல்லை என்றாகும். அதற்குத்தான் நான் வேண்டும். வாருங்கள் தாலின், நாற்பத்து மூன்றாவது.

இதை நினைக்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வயிற்றுக்குள் சூடாக, பசி தீர்ந்ததைப்போல. ஆனால் அந்தச் சந்தோஷத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்தால் எப்போதும் வந்து முட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே போகாதே என்று சொல்லிக்கொண்டே போகிறேன். எங்கள் வீட்டுக் குசினி, நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தேன். பகீ வந்து இரண்டு நாள், மறுநாள் முதல் நேர்காணல், குளிருக்கு என் புருஷன் யோகராசாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கதவோடு நின்றான், கை நீளம், மடித்து விட்டிருந்தான். "அக்கா, நாளைக்கு என்ன கேப்பினம்?" என்றான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எண்ணெய் வெடித்துக்கொண்டிருந்தது. "பெயர், ஊர், எப்பிடி வந்தனி, அவ்வளவுதான். கனக்கக் கதைக்காதை. பிடிச்சு வச்சிருந்தவையோ எண்டு கேட்டா இல்லையெண்டு சொல்லிப்போட்டு வா." அவன் ஸ்வெட்டர்க் கையை இன்னொரு மடிப்பு மடித்தான். பிறகு, "அப்ப அந்த நாலு மாசம்?" என்றான். "மொழிபெயர்க்க வாறது எங்கட ஆக்கள்தான்ரா. அவருக்கு முன்னால அதெல்லாம் சொன்னியெண்டா நாளைக்குக் கோயிலிலை எல்லாருக்கும் தெரியும். உனக்கு நாளைக்கு ஒரு கலியாணம் காட்சி வேண்டாமோ? பிறகு லோயரோட ஆறுதலா இருந்து வடிவா எழுதிக் குடுப்பம்." "பொய் சொல்லுறதோ அக்கா?" "பொய் இல்லையடா. பிறகு சொல்லுறது." சித்தப்பா அப்படித்தான் செய்தார். எங்கள் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், முதல் நாள் சுருக்கமாக, பிறகு விரிவாக, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் வந்தவர்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அது, நானும் சொல்லிக்கொடுத்தேன். அவன் போனான். தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றான். எழுதிக்கொண்டார்கள்.

அந்த நேர்காணலுக்கு நான்கு மாதத்துக்கு முன்பே சட்டம் மாறிவிட்டது. 'முதலில் சொன்னதே நிற்கும்.' தாலினின் சட்டம். முதல் நேர்காணலில் சொல்லாததைப் பிறகு சொன்னால் அது பிறகு யோசித்துச் சொன்னதாகவே கொள்ளப்படும். டாக்டரின் கடிதம், முதுகின் படங்கள், லோயர் எழுதிய பதினெட்டுப் பக்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு வரி தின்றது. எனக்குத் தெரியாது என்றுதான் அழுதேன். எனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று யோகராசாவைப் பார்த்துக் கத்தினேன். பிறகு ஒரு நாள், அவனைத் திருப்பி அனுப்பிய பிறகு, பழைய ஏட்டை எடுத்தேன், அந்தச் சட்டத்தை அவையில் யார் கொண்டுவந்தது, என்ன சொன்னார் என்று பார்க்க. நாலு பக்கம். நல்ல தெளிவான உரை. அடியில் எழுதியவரின் அடையாளம் இருக்கும், இரண்டு எழுத்து. சு.யோ. நான்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். அந்த வரியைக் காதால் கேட்டு, விரலால் எழுதி, ஒலிப்பதிவில் இன்னொரு தரம் கேட்டு, ஒரு காற்புள்ளியைக்கூடச் சரிசெய்திருக்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், காதில் விழுவது விரலுக்கு நேரே இறங்கும், நடுவில் மனம் நிற்காது, நின்றால் வேகம் போய்விடும். நாள் முழுக்க வரிச்சட்டம் எழுதியவளுக்கு மாலையில் ஒரு வரி நினைவிருக்காது. இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். நான் எழுதினேன், எனக்குத் தெரியாது. இரண்டும் உண்மை. பதினோராம் நாள் ஊரில் அப்பாவிடம் பெட்டியில் வந்தான். திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். அப்பா திறந்தார். என்ன கண்டார் என்று அவர் சாகும்வரை சொல்லவில்லை. நான் அவரிடம் கத்தரிக்காயைப் பற்றிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் தாலின்மேல் போட்டேன், இடம் இருந்தது, அவருக்கு அகன்ற தோள்.

நான்கு பத்து. சரி, மற்றப் பக்கத்தையும் பார். ஏற்றால் என்ன ஆகும்? அவர் தப்புவார். திங்கட்கிழமை அமைச்சர். பதினான்காம் தேதி அறிக்கை வரும்போது, நான் அன்றே வருந்தினேனே, ஏட்டைப் பாருங்கள் என்பார். ஆனால் ஏட்டில் மூன்று மரணங்கள் என்று இருக்கும். இந்த நாட்டு நாடாளுமன்றத்தில் முதல் தடவையாக. பதினாலு வருஷத்தில் பகீயை ஒருவரும் எண்ணவில்லை, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுகிற கணக்கில்கூட அவன் இல்லை. இப்போது அந்த மனிதனே எண்ணுகிறார், நான் ஒரு பெட்டியைப் பச்சையாக்கினால் போதும். நூறு வருஷம் இருக்கும் ஏடு. தீ பிடிக்காத அறையில் வைத்திருக்கிறார்கள். பகீ அதற்குள் ஒரு எண்ணாகவாவது இருப்பான். ஏற்காவிட்டால் ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை என்று அதே அறையில், அதே நூறு வருஷம். கை சுட்டியின்மேல் போய்விட்டது. எடுத்துவிட்டேன். அவன் என்ன கேட்பான்? அவனுக்கு எப்போதும் என்னைக் கேட்டுத்தான் பழக்கம். நீங்கள் சொல்லுங்கோ அக்கா என்பான். அந்தத் தீவுக்காரர்கள்? தாலின் விழுந்தால் மசோதாவும் விழும், எலும்பைத் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தத் தாய் மேட்டிலேயே நிற்பாள். நிற்கட்டும். இல்லை, அப்படிச் சொல்லாதே. சொல்கிறேன். எனக்காக யார் நின்றார்கள்? இவ்வளவு கெட்டவளா நீ? ஓம். பக்கத்து மேசையில் யாரோ தோடம்பழம் உரிக்கிறார்கள், வாசனை வருகிறது. பிரிவுத் தலைவி பிர்கித்தா கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து என் திரையை எட்டிப் பார்த்தாள். "தாலினுடையதா? வழக்கம்போல முடித்துவிடுங்கள் சுகிர்தா, எனக்கு ரயில் இருக்கிறது" என்றாள். வழக்கம்போல. நான் தலையாட்டினேன். தலையாட்டியது என்னை எதற்கும் கட்டுப்படுத்தாது.

நான்கு முப்பத்தைந்துக்குத் தாலினே வந்தார். கையில் சைக்கிள் தொப்பி, சப்பாத்தில் பனி. காலநிலைக்காரர், எந்தக் குளிரிலும் சைக்கிளில்தான் வருவார். வாசலில் நின்று என்னைத் தேடிக் கண்டுபிடித்ததும் முகம் இளகியது. அவர்களுடைய மொழி எனக்குள் எழுத்துத் தமிழாகத்தான் இறங்கும், இதுவும் அப்படித்தான் இறங்கியது.

"நல்லவேளை, நீங்கள்தான். வேறு யாராவது இருந்தால் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்."

உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். இவ்வளவு கிட்டத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை, மேசையில் இருந்து பார்த்தால் தாடைதான் தெரியும். வயதாகிவிட்டது. சவரம் செய்ததில் காதோரம் ஒரு கீற்று விடுபட்டிருந்தது.

"அது நா தவறியது, சுகிர்தா. தாள் இல்லாமல் பேசினேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. வெளிச்சம் முகத்தில், எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன சொல்கிறோம் என்று மனிதனுக்குத் தெரிவதில்லை."

பகீக்காக லோயர் எழுதிய பதினெட்டுப் பக்கத்தில் மூன்றாம் பக்கம் இது. களைத்திருந்தேன், தூங்கவில்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எழும்பிக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள், அந்த அறையின் சுவர் என்ன நிறம்?

"பொருள் மாறுகிறது" என்றேன். "பொருள் மாறினால் ஏற்க முடியாது."

"ஆனால் திருத்தியதுதானே உண்மை?"

"இருக்கலாம்."

"பிறகு என்ன?"

"முதலில் சொன்னதே நிற்கும்."

மெதுவாகச் சொன்னேன், அவர் அன்று சொன்ன அதே சொற்களில், அதே வரிசையில். சொல்லிவிட்டு முகத்தைப் பார்த்தேன். பதினாலு வருஷம் அந்த முகத்துக்காகத்தான் இருந்தேன் என்று தோன்றியது. ஒன்றும் இல்லை. கண் இமைக்கவில்லை. தொப்பியின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு நினைவில்லை. தான் பெற்ற வரி முன்னால் வந்து நிற்கிறது, அடையாளம் தெரியவில்லை. அடுத்ததையும் சொன்னேன். "பிறகு சொல்வது பிறகு யோசித்துச் சொல்வதாகவே கொள்ளப்படும்." அதற்கும் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன எரிச்சல் மட்டும்.

"இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். என்மேல் இரக்கப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். மத்தியானம்தான் வாசித்தேன். ஒருவனுக்கு இருபத்தாறு வயது. என் மகனுக்கும் இருபத்தாறு. எனக்காகக் கேட்கவில்லை. அவர்கள் ஏட்டில் இருக்க வேண்டும்."

கண் கலங்கியிருந்தது. துக்கமா, சைக்கிளில் வந்த குளிரா, தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. வாய்வரை வந்தது. அவன் பெயர் பகீரதன், அவனுக்குக் கத்தரிக்காய்ப் பொரியல் பிடிக்கும், அவன் என் தம்பி. சொன்னால் இந்த அறையே வேறாகிவிடும். சொன்னால் இவர் என் கையைப் பிடிப்பார். என் துக்கத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நன்றாக வைத்திருப்பார், அதுதான் பயம், கடலை வைத்திருப்பதுபோல வைத்திருப்பார், எடுத்து எடுத்துக் காட்டுவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் என்று ஒரு நாள் மேடையில் தொடங்குவார், எதிர்க்கட்சிக்காரி கண்ணாடியைத் துடைப்பாள், நான் கீழே உட்கார்ந்து அதை எழுத வேண்டியிருக்கும், மேசை தட்டலோடு. தரமாட்டேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

"விதி, திரு தாலின்" என்றேன். "நான் எழுதுகிறவள் மட்டும்."

அவர் எழுந்தார். வாசலில் நின்று, "இத்தனை வருஷம் நீங்கள் எவ்வளவு உதவியிருக்கிறீர்கள், ஏன் இன்று மட்டும்?" என்றார். பதில் எதிர்பார்க்கிற கேள்வியாக இல்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நாலு மாடி. கடைசிப் படிவரை கேட்டேன். பதினான்காம் தேதி யாராவது இந்த வரியை அவருக்கு முன்னால் வாசிப்பார்கள். அப்போது இந்த மேசை, இந்த நாற்காலி, நான் சொன்ன இரண்டு வரி நினைவுக்கு வரும். வர வேண்டும். வராவிட்டால்? வராவிட்டாலும் விழுவார், ஏன் விழுந்தோம் என்று தெரியாமல் விழுவார். பகீயும் தெரியாமல்தான் போனான், விமானத்தில் ஏற்றும்போதுகூட, நான் என்னக்கா பிழை செய்தனான் என்று கேட்டான். சரிக்குச் சரி.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு அழுத்தினேன். பெட்டி சிவப்பாகியது. காரணம் கேட்டது, எழுதினேன்: முதலில் கூறியதற்கு முரணானது. இதுவும் பகீக்கு வந்த நிராகரிப்புக் கடிதத்தில் இருந்த வரி, எனக்கு மனப்பாடம், பார்க்காமலே வந்தது. ஐந்து அடித்தது. ஏடு பூட்டியது. பூட்டியதும் அந்த முறையை எழுதியவர் தன் பக்கத்தை ஒருதரம் முழுக்க வாசித்து அடியில் அடையாளம் வைக்க வேண்டும், யாருடைய கை என்று தெரிய. விரல் வேகம் தேவையில்லாத ஒரே வேலை அது, அப்போதுதான் மனம் வந்து உட்காரும். வாசித்தேன். கடல், கிணறு, எலும்பைத் தூக்கிய தாய், பிறகு அந்த வரி. ஒருவருக்குக்கூட எந்தத் தீங்கும் நேரவில்லை. நல்ல வாக்கியம். ஒரு சொல் கூடுதல் இல்லை. அவர் சொன்னபோது நடுவில் ஒருதரம் திக்கினார், நான்தான் அதை எடுத்துவிட்டு ஒழுங்காக்கியிருக்கிறேன். இனி இது இருக்கும். தாலின் போவார், அறிக்கை ஏதோ ஓர் அலமாரிக்குப் போகும், இது இருக்கும். சு.யோ. என்று அடித்தேன். அடித்த பிறகு அந்த வரியை மறுபடி வாசித்தேன். உன்னைக் கேட்டார்கள், பகீ, ஏதாவது நடந்ததா என்று இன்று இந்த ஏட்டில் இரண்டாம் தரமும் கேட்டார்கள், இரண்டாம் தரமும் உன் அக்கா உன்னை இல்லை என்று சொல்ல வைத்துவிட்டாள்.